இடப்பக்கத்து ஆள்

பத்தொன்பது வருஷம்
லொறியின் இடப்பக்கம் எனக்கு.
கந்தப்பளையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி
தம்புள்ளைக்கு இறங்குகிற ராத்திரிகளில்
சவரிமுத்து அண்ணனைத் தூங்கவிடாமல்
பேசிக்கொண்டே வருவது என் வேலை.
மச்சினிச்சி கல்யாணம், கிரிக்கெட், ஆஸ்பத்திரி,
அந்த வருஷம் செத்துப்போனவர்கள்.
கதை தீர்ந்தால் றம்பொடை வளைவுகளை
ஒன்று, இரண்டு என்று சத்தமாய் எண்ணுவேன்.

ஏற்றத்தில் நின்றால் குதித்து ஓடிப்
பின் சில்லுக்குக் கல் வைப்பவன் நான்.
அதற்கென்றே சீட்டுக்கடியில் ஒரு கல்,
கொத்மலை ஓயாவில் பொறுக்கியது.
எண்ட எண்ட எண்ட, ஹரி, என்று
தகரத்தைத் தட்டி ரிவர்ஸ் எடுப்பிப்பவனும் நான்தான்.
எத்தனை மதில்கள் என் குரலால் தப்பின.
ஸ்டியரிங்கை மட்டும்
துடைக்கத்தான் தொட்டிருக்கிறேன்.

நாற்பத்து நாலு வயதில் மெடிக்கலுக்குப் போனேன்.
உயரம் ஐந்தடி மூன்றரை.
ஐந்தடி ஐந்து என்றல்லவா
இத்தனை நாளும் சொல்லித் திரிந்தேன்.
எழுத்துப் பரீட்சையில் பக்கத்துப் பையன்
பத்து நிமிஷத்தில் எழும்பிப் போனான்.
முக்கோணத்துக்குள் நிற்கிற மாட்டை
நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாடு தெரிந்தது.
கீழே இருந்த எல்லா விடையும்
சரி போலவே தெரிந்தது.

பழக்கிய ரிஸ்னா மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது.
"கிளட்ச்ச மெதுவா விடுங்க அங்கிள்,
அதுக்கு உங்களோட கோபம் ஒண்டுமில்ல."
கிரகரி வாவி ஓரம் குதிரைகள் வேடிக்கை பார்க்க
பதினொரு தடவை நின்றுபோனது கார்.
பின்னால் ஹோன் அடித்த வேன்காரன்
தெரிந்தவன்தான்.
எல் போர்டுக்குப் பின்னால்
ஒளிந்துகொள்ள இடம் போதவில்லை.

முதல் ட்ரயலில்
ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன்.
ஹாண்ட் பிரேக்கை இழுக்க வேண்டிய நேரத்தில்
கை கதவைத் திறந்துவிட்டது.
கல் வைக்க இறங்கப்போனேன்.
கார் மெல்லப் பின்னுக்கு உருள
பரிசோதகர் "அய்யோ அம்மே" என்றார்.
ஃபெயில்.
வீட்டில் அனுசியா சிரித்து முடிப்பதற்குள்
சோறு ஆறிவிட்டது.

இரண்டாம் முறையைப் பற்றிச்
சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்.

அட்டை பதிவுத் தபாலில் வந்தது.
விலாசத்தில் தோட்டம் இருந்தது, பிரிவு இருந்தது,
லயத்துக்கு இலக்கம் கிடையாது.
தபால்காரர் மூன்று வாசலில் விசாரித்து
நாலாவதாக என்னிடம் வந்தார்.
அதற்குள் அந்த மூன்று வீட்டிலும்
பெருமாள் சந்திரமோகன் டிரைவர் ஆகியிருந்தான்.

இலகு வாகனம் மட்டும் என்று போட்டிருக்கிறது.
லொறிக்கு இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன.
சவரிமுத்து அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"படத்துல களவெடுத்தவன் மாதிரி இருக்கிறடா" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"கல்லு இருக்கட்டும், கொண்டு போயிராத."

முதலாளி சின்ன பட்டாவின் சாவியைத் தந்தார்.
நானுஓயாவுக்கு உரமூட்டை ஆறு.
போய் இடப்பக்கக் கதவைத் திறந்து
ஏறி உட்கார்ந்து
உள்கண்ணாடியைச் சாரத்தால் துடைத்துவிட்டு
டிரைவர் வரட்டும் என்று இருந்தேன்.
மழை பிடித்தது.
யாரும் வரவில்லை.

பிளக்பூல் சந்தியில் பொலிஸ் நின்றது.
சட்டைப்பையில் அட்டை, சுடச்சுட.
வேகத்தைக் குறைத்தேன்,
மறிக்கட்டும் என்று
முகத்தைக் கொஞ்சம் களவாய்க்கூட வைத்துப் பார்த்தேன்.
கையை ஆட்டி, போ போ என்றார்.

உரத்தை இறக்கித் திரும்பி வரும்போது
நானாகவே அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
தொப்பியில் தண்ணீர் சொட்டக் குனிந்து
நானுஓயாவிலும் மழையா என்று கேட்டார்.
லேசாக, என்றேன்.