இழு, நில், விடு

மூன்று நாளாகப் பேச்சில்லை.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
எவனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பாதிச் சம்பளத்தோடு வந்து நின்றான் தயாளன்.
சோற்றை மூடிவைத்துவிட்டு
நான் மொட்டைமாடிக்கு ஏறினேன்.

கொசப்பேட்டையில் மே மாத ராத்திரி.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலை இப்போதுதான் திருப்பித் தருகிறது.
மரம் உலர்த்த வேலூரில் அடுப்பு எதற்கு?

காட்பாடி மரவாடியில் வாங்கிய சடச்சி,
முன்பு ஏதோ வண்டிக்கு ஏர்க்கால்.
முதுகில் ஒரே ரேகை
நுனிமுதல் நுனிவரை அறுபடாமல் ஓடும்படி
செதுக்கியிருக்கிறேன்.
அது அறுந்தால் அங்கேதான் வெடிக்கும்.
எக்ஸ்ரே அறையில் பதினோரு வருஷம்;
விரிசல் எங்கே தொடங்கும் என்று
கண்ணுக்கு முன்பே கழுத்துக்குத் தெரிந்துவிடும்.

தண்ணீர்த்தொட்டிச் சுவரில் ஒரு முளை,
அதன்மேல் வில்லின் பிடி.
தொளதொளவென்று நீள நாண், கீழே கப்பி,
பழைய பேப்பர் கடையில் வாங்கிய
சுருள்தராசின் கொக்கி.
இழுக்கிறவருக்கு வளைவு தெரியாது.
பார்க்கிறவர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

கூப்பிடவில்லை நான்.
படியில் செருப்புச் சத்தம்.
வந்தவன் கயிற்றை எடுத்துக்கொண்டான்.

இழு.
ஆறு கிலோ.
நில்.

மேல்கை அழகாக வளைகிறது.
கீழ்க்கை, பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி,
மடங்குகிறது.
முழங்கை மடங்கலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது.
வில்லில் அப்படி ஓர் இடம் கூடாது.

விடு.

அந்த இடத்தில் பென்சிலால் பெருக்கல்குறி போட்டேன்:
இங்கே தொடாதே.
இளைத்த இடத்தில் மரத்தை ஒட்டவைக்க முடியாது.
மிச்ச இடத்தையெல்லாம்
அதன் அளவுக்கு இளைக்க வைக்கலாம், அவ்வளவுதான்.

கண்ணாடிச் சில்லால் வயிற்றுப் பக்கம் சுரண்டினேன்.
வெங்காயச் சருகு கனத்தில்
சுருள் சுருளாய்க் காலடியில்.
சுரண்டிய சேதி மரத்துக்குப் போய்ச் சேர
முப்பது இழுப்பு ஆகும்.
முப்பதும் இழுத்தான், வாய்விட்டு எண்ணிக்கொண்டு.
அதையும் பேச்சில் சேர்த்தால்
பேசிக்கொண்டோம்.

இழு.
இருபது அங்குலத்தில் பதினொன்று.
விடு.
இழு.
பத்தரை.
நில், நில்.
அதே அங்குலத்தில் பத்து.

கோட்டை அகழிப் பக்கமிருந்து
பாசி வாடையோடு ஒரு காற்று வந்து
சுருள்களைக் கலைத்துப் போட்டது.

"குறைஞ்சிக்கிட்டே போவுது" என்றான்.
மூன்று நாளில் முதல் வாக்கியம்.
"போவும்" என்றேன்.
முழு இழுப்பில் பதினாறு கிலோ என்பது என் ஆசை.
பதினாறை மரத்திடம் நான் கேட்டிருந்தேன்,
மரம் ஒப்புக்கொண்டதாக ஞாபகமில்லை.

கண்ணை வளைவிலிருந்து எடுக்காமல் கேட்டேன்:
"எவ்வளவுக்குக் கையெழுத்து?"
அவன் கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் சொன்னான்:
"எண்பது."
ஆயிரம் என்பதை இருவரும் சொல்லவில்லை.

"விடு" என்றேன்.
கயிற்றைத்தான் சொன்னேன்.
மெதுவாக விட்டான்.
அம்பில்லாத நாணை வெடுக்கென்று விட்டால்
வில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்;
அது அவனுக்கு நான் சொல்லித் தந்ததில்லை.

இருபத்தெட்டு அங்குலத்தில் பதிமூன்று.
அங்கே நிறுத்தினேன்.
மேல்கையைவிடக் கீழ்க்கை ஒரு நூல் விறைப்பு,
அது இருக்கட்டும், பிடிக்கிற கை
நட்டநடுவுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும்.
நாணைக் கழற்றிய பிறகும்
அரை அங்குலம் வளைந்தே கிடந்தது வில்.
அது இனி நிமிராது.

தயாளன் துடைப்பம் தேடிக்கொண்டிருந்தான்.
தராசைக் கழற்றி விளக்கடியில் பார்த்தேன்.
ஒன்றும் தொங்கவில்லை,
ஆனாலும் முள் பூஜ்யத்துக்கு வராமல்
கால் கிலோவில் நின்றது.

ராத்திரி முழுக்க அவன் சொன்ன எண்களில்
எல்லாவற்றிலும் கால் கிலோ பொய்.
கூப்பிட்டுக் காட்டினேன்.