இருபத்துமூன்றாம் புனல்

மே மாதம். சிலியின் தெற்கில் மழை தொடங்குகிற காலம்.
நேற்றிரவு நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்
என்கிறது வெட்டவெளியில் நட்ட மானி.
அதன் தலைக்கு மேலே
வானத்தைத் தவிர யாருமில்லை.

பள்ளத்தாக்கில் இறங்குகிறேன்.
உல்மோ மரங்களுக்கடியில் முப்பது புனல்கள்.
இடத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை;
கணினி தாயம் உருட்டியது,
ஒன்று முட்புதருக்குள் போய் விழுந்தது,
ஒன்று எறும்புப் பாதையில்.

முதல் குடுவை: இருபத்தாறு.
அடுத்தது பதினொன்று.
ஏழாவதில் அறுபத்தெட்டு.
பெய்ததைவிட அதிகம், ஆனாலும் பிழையல்ல.
மேலே ஏதோ ஒரு கிளை
தன் பங்கோடு அண்டைக் கிளைகளின் பங்கையும்
ஒரே நுனியில் ஊற்றியிருக்கிறது.

அடிமரத்தில் சுற்றிய ரப்பர் வளையத்தில்
பட்டை வழியே வந்த நீர்,
பாலில்லாத தேநீர் நிறத்தில்.

இருபத்துமூன்றாம் புனலின் வாயில்
சிலந்தி வலை.
நூறு துளி இருக்கும், எந்தக் கட்டத்தில் எழுத?
விதிப்படி கலைத்தேன்.
விரல் நனைந்தது. அதையும் எழுதவில்லை.

சாலைக்கு ஏறினால்
காலிப் பீப்பாய்களோடு நிற்கிறான் லிசார்டோ கத்ரிலேயோ,
நகராட்சித் தண்ணீர் லாரிக்காக, தூறலில் நனைந்தபடி.
தேன் எடுப்பவன்.
வெட்டுண்ட ஆறு என்று அர்த்தமாம் அவன் குலப்பெயருக்கு;
அவனே சொன்னான், சிரிக்காமல்.

"நேற்று எவ்வளவு?"
"நாற்பத்திரண்டு."
"என் கிணறு அதைக் கேள்விப்படவே இல்லை."

கணக்குச் சொன்னேன்:
தரைக்கு இருபத்தொன்பது, தண்டு வழியே இரண்டு,
மிச்சம் பதினொன்று
இலையில் இருந்துவிட்டு ஆவியாகப் போனது.

எதிர்ச்சரிவைத் தாடையால் காட்டினான்.
கம்பெனியின் தைலமரங்கள்,
சீப்புப் பல் மாதிரி.
"அங்கே?"

அங்கேயும் பன்னிரண்டு புனல் வைத்திருக்கிறேன்.
பொய் சொல்ல முடியாது.
"அங்கே தரைக்கு அதிகம். முப்பத்தைந்து."

கம்பெனி ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"சரி, வந்த பிறகு?"

வந்த பிறகு வேர்.
வேருக்கு அடியில் வைக்க
என்னிடம் புனல் இல்லை.

லாரி ஹாரன் அடித்தது.
அவன் பீப்பாயை நிமிர்த்தினான்,
நான் குழாயைப் பிடித்தேன்,
மழையும் பிடித்துக்கொண்டது.
மூன்று பீப்பாய், அறுநூறு லிட்டர்,
சிந்தியது போக.