மறுபரிசோதனை

லிந்துலை, மேற்பிரிவு, ஏழாம் லயம்.
படிவம் நாற்பத்தொன்று: பவளம்.
படங்கைக் கழற்றாமலே
இஸ்தோப்பில் நின்றாள்.

"கடந்த இரண்டு வாரத்தில்
மனச்சோர்வு எத்தனை நாள் இருந்தது?
ஒருநாளும் இல்லை, சில நாள்,
பாதிக்கு மேல், எல்லா நாளும்."
பூச்சியம் முதல் மூன்று.

"அரைப்பேர் போட்ட நாளையும் சேக்கணுமா?"

கையேட்டைப் புரட்டினேன். இல்லை.
காம்பராவுக்குள் ஓர் ஆண் இருமல்.
அதன்பிறகு எல்லாமே சில நாள்.
தூக்கம்? சில நாள்.
பசி? சில நாள்.
இருப்பதைவிட இல்லாமற்போவதே
என்று ஒன்பதாவதைத் தொடங்கினேன்,
முடிக்கவிடவில்லை.
சில நாள்.

விதிப்படி
தொலைபேசி எண் அச்சடித்த தாளைக் கொடுத்தேன்.
சம்பளத்துண்டுக்குள் மடித்து வைத்தாள்.
விதிப்படி
மேலிடத்துக்கும் அறிவித்தேன்.
"குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது.

இரண்டு வாரம் கழித்து
அதே ஒன்பது கேள்விகள்.
"போன தடவ என்ன சொன்னேன்?
அதயே போட்டுக்க தங்கச்சி.
மழ இறங்குது, கொழுந்து நிறுக்கணும்."

பேராதனையில் கணினியின் முன்
மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார்.
மற்றவர்கள் அங்குமிங்கும் அலைய
நாற்பத்தொன்றாம் வரிசையில் மட்டும்
ஒன்பதும் ஒன்பதும் அச்சொட்டாய்ப் பொருந்தின.
"நல்ல நம்பகத்தன்மை" என்றார்.
அவருக்குத் தேநீர் வந்தது.

அவர் போனதும்
அந்த ஒன்பதையும் அழித்து
99 என்று அடித்தேன்.
பதில் கிடைக்கவில்லை என்பதற்கான குறியீடு அது.

திங்கட்கிழமை, படிவமில்லாமல்,
தலவாக்கலையில் பஸ் மாறினேன்.
குடையையும் மறந்திருந்தேன்.
நிறுவை முடியும்வரை
மடுவத்தின் கூரைக்கடியில்
கேள்வி எதுவும் இல்லாமல்
நின்றிருந்தேன்.