நண்டலாற்றுச் சோதனைச்சாவடி

நாசிக் போக நாலு நாள் விடுப்பு வேண்டும்.
மின்வாரியம் இரண்டுதான் தந்தது.
திராட்சைத் தோட்டத்தில் விரிப்பு போட்டு உட்கார்ந்து
ஒயின் குடிக்கும் ஒரு ஜோடியின் படத்தை
ஒரு வருடமாகச் செல்போனில் வைத்திருந்தேன்.
செங்கோட்டுவேல் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"இது காரைக்கால்ல பாட்டிலாவே கிடைக்குமே."
இருபத்திரண்டாவது கல்யாண நாளுக்கு
எங்கள் ஆல்ட்டோ ஈரோட்டிலிருந்து கிழக்கே கிளம்பியது
இப்படித்தான்.

எங்கள் ஊர்ப் பாலத்தடியில் சாயம் சுமந்து போகிற ஆறு
திருச்சி தாண்டியதும் பேர் மாற்றத் தொடங்கியது.
குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு.
பாலத்துக்குப் பாலம் ஒரு பச்சைப் பலகை,
பலகைக்குக் கீழே மணல்,
மணலில் பையன்கள் நட்ட மூன்று குச்சி.
மேட்டூர் திறக்க இன்னும் பத்து நாள்.
"இதுவும் அதேதானுங்களா?"
"எல்லாம் ஒரே ஃபீடர்தான்" என்றார்,
தானே இழுத்த லைன் போல.

தாராசுரத்தில் தொல்லியல் துறைப் பலகையை
தலைப்பிலிருந்து எச்சரிக்கை வரை படித்தார்.
அதற்குள் நான் கல் சக்கரத்தைச் சுற்றி வந்து
வெந்த பாதத்தை மற்றதன்மேல் ஏற்றி நின்றேன்.
தட்டினால் பாடும் படிகள் கம்பிக்குள் கிடந்தன.
யானைக்கும் காளைக்கும் ஒரே தலை வைத்த சிற்பத்தை
வழிகாட்டி ஒருவர் உள்ளங்கையால் மறைத்துக் காட்டினார்:
இந்தப் பக்கம் மூடினால் யானை,
இந்தப் பக்கம் மூடினால் காளை.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கும்பகோணத்தில் சண்டை.
காரணம் வண்டி நிறுத்திய இடம்.
அதற்கும் முன்னால்,
அவர் தங்கை வீட்டு விசேஷத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை.
பித்தளை டபராவில் காபி ஆடை கட்டும் வரை நீண்டது.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் மஞ்சள் கோட்டை.
உப்பு தின்ற கல்லறை ஒன்றில்
வாயில் நுழையாத பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு
"இவ்வளவு தூரம் வந்து..." என்றார்.
மீதியைக் காற்று எடுத்துக்கொண்டது.

காரைக்கால் கடை வாசலில்
அவருக்குத் திடீரென ஜெலுசில் வாங்க வேண்டியிருந்தது.
நானே உள்ளே போனேன்.
ஆண்கள் கூட்டம் ஆம்புலன்சுக்கு விடுவதுபோல் வழி விட்டது.
"சிவப்பா, வெள்ளையா?"
"சிவப்பு."
லேபிளில் பொடி எழுத்தில் நாசிக் என்றிருந்தது.

லாட்ஜில் தக்கை திருகி இல்லை.
டூல்பாக்ஸிலிருந்து டெஸ்டர் எடுத்து வந்து
தக்கையை உள்ளே தள்ளினார்.
எவர்சில்வர் டம்ளரில் அது
பழுக்காத நாவல்பழம் போல நாக்கைப் பிடித்தது.
இரண்டாவது டம்ளரில், மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்:
"நாலு நாள் லீவு நான் கேக்கவே இல்ல."
கொஞ்சம் பொறுத்து,
"பிளேன்னா பயம்."

பதினோராயிரம் வோல்ட் கம்பத்தில்
மழையில் ஏறுகிற மனுஷன்.
ஒரு வருடம் நான் வாரியத்தைத் திட்டியிருக்கிறேன்,
பூசை அறையில் நின்றுகூட.
"ரயில் போகுதுங்களே நாசிக்குக்கு" என்றேன்.
அவர் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது.
சிரிப்பு எனக்கு முதலில் வந்தது,
கோபம் விடியற்காலையில்.

காலையில் பாதி பாட்டில் மிச்சம்.
எல்லை தாண்டக் கூடாது.
நண்டலாற்றுச் சாவடிக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி
ஆற்றில் இறங்கினோம்.
நான் கவிழ்த்தேன், அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார்,
சரிவில் விழுந்துவிடுவேன் என்று.
மணல் சத்தமில்லாமல் குடித்தது.
கறை ஒரு கை அகலம்.
மேட்டூர்த் தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள்
வெயில் அதைத் துடைத்துவிடும்.

"என்ன பாட்டில்?" என்றார் காவலர்.
"காலி பாட்டில்."
அவர் குனிந்து முகர்ந்தார்,
எங்கள் இரண்டு பேர் வயதையும் பார்த்தார்,
கையை அசைத்தார்.

ஈரோடு வரை ஒவ்வொரு வளைவிலும்
பின்சீட்டுக்கு அடியில் அது உருண்டது,
உள்ளே அந்தத் தக்கை.
எடுத்து நிமிர்த்தி வைக்கலாம் என்று
இருவருமே சொன்னோம்.
வண்டியை நிறுத்தவில்லை.