தேர்ந்தெடுத்த அடிகள்

ஹிட்ஸுக்குத் தமிழில் என்ன போடுவது என்று
அச்சகத்துப் பரிமளா கேட்டாள்.
வெற்றிப் பாடல்கள் என்றால் வாங்குகிறவன் சிரிப்பான்.
அடிகள் என்று போடு என்றேன்.
நாங்கள் வாங்கியது அதுதான்.
மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒருமுறை.
பாதிரிக்குப்பத்துக் கல்யாணத்தில் ஒருமுறை,
மாப்பிள்ளையே மாலையோடு வந்து ஒயரைப் பிடுங்கினார்.
ஸ்டேஷனில் வாங்கியது கணக்கில் வராது.

எங்கள் பெயர் பதினோராம் எண் கூண்டு.
துறைமுகத்தில் பத்து வரை ஏற்றினால்
புயல் எங்கே இருக்கிறதென்று யாருக்கோ தெரியும்.
பதினொன்று ஏற்றினால்
சொல்ல வேண்டியவர்களோடு பேச்சே அறுந்துவிட்டது,
இனி உன் பாடு.
பங்க் என்றால் என்ன என்று கேட்ட எல்லாருக்கும்
இதைத்தான் சொன்னோம்,
பெட்ரோல் பங்க்கா என்று கேட்டவர்களுக்கும்.

எட்டு வருஷத்தில் பதினாறு பாட்டு.
அதில் பதினைந்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு
சிறந்தவை என்று எப்படிச் சொல்வது,
விடுபட்ட ஒன்று என்ன பாவம் செய்தது
என்றான் நூருல்.
டிரம்ஸ்காரன் கேட்கிற கேள்வியா அது.

முதுநகர் ஐஸ் கம்பெனிப் பின்கட்டில்
மீன் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டுப் பழகினோம்.
என் பேஸ் கிதாரில் மூன்று கம்பி,
நான்காவது அறுந்தது அறுந்ததுதான்.
கம்ப்ரசர் எங்களைவிட உரக்க இரைந்தது.
அதை மீறிக் கேட்கத்தான் முதலில் கத்தினோம்.
கோபமெல்லாம் பிறகு வந்தது.

மூன்றாவது பாட்டில் மின்சாரமே கிடையாது.
தானே அடித்துப் பத்தொன்பதாம் நாள்,
தரையில் கிடந்த கூரைத் தகரத்தை
நூருல் விறகால் அடிக்கிறான்.
கரண்ட் எங்கடா, கரண்ட் எங்கடா என்று
நாற்பது தடவை கத்துகிற வேம்பரசி
இப்போது செம்மண்டலத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறாள்.
வீட்டுக்கு வீடு அதையே அவளிடம் கேட்கிறார்கள்.
ஒருத்தருக்கும் ஆவேசம் போதவில்லை என்கிறாள்.

ஊரில் தெரிந்த ஒரே பாட்டு 'ரெண்டாம் நம்பர் கேட்.'
ராத்திரி இரண்டு மணிக்கு மேல்
சிப்காட் பக்கமிருந்து வந்து
தூங்குகிற பிள்ளையின் வாய்க்குள் போகிற
அழுகிய முட்டை நாற்றத்தைப் பற்றியது.
ஒரு நிமிடம் நாற்பது வினாடி. மூன்றே கார்ட்ஸ்.
எழுதியது லூர்து.
லூர்து இப்போது அந்த கேட்டுக்கு உள்ளே
பாய்லர் பார்க்கிறான்.

அது மட்டும் வேண்டாம்டா என்றான் போனில்.
பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் என்று ஆரம்பித்து
முடிக்கவில்லை.
விலைபோனவர்களைத் திட்ட எங்களிடம் ஒரு பாட்டு உண்டு.
தொகுப்பில் ஐந்தாவது.
கிதார் அவன்தான்.

பாட்டை எடுத்தோம், இடத்தை எடுக்கவில்லை.
எட்டுக்கும் பத்துக்கும் நடுவே
ஒரு நிமிடம் நாற்பது வினாடி காலி.
முத்தியால்பேட்டை ஸ்டுடியோவில்
ஜெரோம் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.
இங்க ஏதோ விட்டுப்போச்சே.
ஆமாம், அதில் அந்தக் கம்ப்ரசர் இரைச்சலை மட்டும் விடுங்கள்.
மூன்று நாளாய் அதைத் துடைக்கத்தானே காசு வாங்கினேன் என்றார்.
திரும்பப் போட்டதற்கும் வாங்கினார்.

வெளியீடு தேவனாம்பட்டினத்தில், வலைக் கொட்டகையில்.
வந்தவர்கள் இருபத்துமூன்று பேர்,
அதில் ஒன்பது பேர் உறவு.
லூர்து ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டுப் பையோடு வந்தான்.
மகளை மடியில் வைத்துக்கொண்டு
கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஒன்பதாவது வந்தது.
வெறும் இரைச்சல்.
ஒயர் கழன்றுவிட்டதென்று
ஸ்பீக்கர் வாடகைக்காரர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.
வேம்பரசி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அப்பா, பாட்டு நின்னுடுச்சா?

இல்ல, ஓடுது.

மணலில் அவன் குதிகால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது,
குழந்தையும் கூடவே குலுங்கிக்கொண்டிருந்தாள்.
சரியாக ஒன்று நாற்பதில் குதிகால் நின்றது.
பத்தாவது தொடங்கியது.