நூற்றெண்பத்து நான்கு வோல்ட்

தமிழ்ப் புத்தகத்தில் அதன் பெயர் மின்தடை.
கம்பி தனக்குள் ஓடுவதை மறிப்பதும் மின்தடை,
ஓட்டமே நின்று ஊர் இருண்டு கிடப்பதும் மின்தடை.
பாலக்காட்டு ஐ.டி.ஐ.யில் பிரதிரோதம் என்றார்கள்.
பரீட்சை மலையாளத்தில் எழுதினேன்,
கணக்கு மட்டும் தமிழில் ஓடியது.
மீட்டர் முள்ளுக்கு இரண்டும் தெரியாது.

வேலந்தாவளம் ரோட்டில் கடைசிக் கம்பம்.
அப்புறம் வாய்க்கால், தென்னந்தோப்பு, வேறு மாநிலம்.
கொழிஞ்சாம்பாறையில் இருநூற்று முப்பதாய்க் கிளம்புவதை
வழியில் போர்வெல் மோட்டார் ஒவ்வொன்றும்
ஒரு வாய் குடித்துவிட,
மைமூன் வீட்டுக்கு வந்து சேர்வது
நூற்றெண்பத்து நான்கு.
மூன்று நாள் அளந்தேன். இரவிலும் அதேதான்.

அவளுடையது காடை முட்டைப் பொரிப்புப் பெட்டி.
பழைய ஃபிரிட்ஜின் கூடு, உள்ளே நிக்ரோம் சுருள்,
நூற்றைம்பது சுற்று.
இருநூறு வாட் என்று சொல்லி விற்றவன் பொய் சொல்லவில்லை:
இருநூற்று முப்பதை அதாலேயே பெருக்கி
இருநூறால் வகுத்தால்
இருநூற்று அறுபத்து நாலரை ஓம்.
மீட்டரும் ஆமாம் என்றது.
ஆனால் பெட்டிக்குள் முப்பத்து நாலு டிகிரி.
இரண்டு ஈடு கூமுட்டை.

பீடிக்கட்டுத் தாளின் பின்புறம் போட்டுக் காட்டினேன்.
அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைவு.
அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் அதே அளவு குறையும்.
வாட் என்பது இரண்டின் பெருக்கல்,
அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும்.
மிச்சம் நூற்றிருபத்தெட்டு.
அவள் தாளைப் பார்க்கவில்லை.
"இல்லாதவங்கிட்ட ரெண்டு தடவை புடுங்குது, அவ்வளவுதானே?"
அவ்வளவுதான்.

இன்னும் கம்பி சேர்ப்பேன் என்று நினைத்திருந்தாள்.
வெட்டினேன்.
ஐம்பத்து நாலு சுற்று.
கம்பி குறைந்தால் தடை குறையும், சூடு கூடும்.
நூற்று அறுபத்தொன்பது ஓம் சொச்சம்;
கிடைக்கிற அழுத்தத்திலேயே இருநூறு வாட்.
மறுநாள் முப்பத்தேழரை டிகிரி.
கூலி அறுபது ரூபாய் வாங்கினேன்.
தெர்மோஸ்டாட் போட்டால் நானூற்றைம்பது ஆகும் என்றேன்.
"இந்த ஈடு வித்ததும்."
வெட்டிய துண்டைக் கடை இழுப்பறையில் போட்டேன்.

செக்‌ஷன் ஆபீஸில் அவள் மனுக் கொடுத்து
இரண்டு வருடம் ஆகிறது.
நாற்பத்தொரு கையெழுத்து, ஒன்று என்னுடையது.
முட்டை வைத்த பதினாறாம் நாள் சாயங்காலம்
லாரியில் வந்து இறங்கியது புது டிரான்ஸ்பார்மர்.
இரவு ஒரு மணிக்கு லைன்மேன் ஷிஜு ஃபியூஸ் சொருக,
தெருவிளக்கு பாலாய் எரிந்தது.
யாரோ கைதட்டினார்கள்.
நானும் எழுந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
இருநூற்று முப்பது.
சந்தோஷமாய்த் திரும்பப் படுத்துக்கொண்டேன்.

அதே தடை. ஏறிய அழுத்தம்.
முந்நூற்றுப் பன்னிரண்டரை வாட்.
மனக்கணக்குதான், அரை நிமிடம் ஆகாது.
நடந்தால் அவள் வீடு ஆறு நிமிடம்.

காலையில் நாற்பத்தாறு டிகிரி.
நூற்றிருபது முட்டை.
சிலவற்றில் உள்ளிருந்து கொத்திய கீறல்,
கடுகளவு.
ஏச்சு வரும் என்று தலைகுனிந்து நின்றேன்.
மைமூன் தட்டை வெளியே இழுத்து,
கதவு இடுக்கில் காற்றுப்பட்ட ஓரத்து முட்டைகளை மட்டும்
ஒவ்வொன்றாய்க் காதில் வைத்துக் கேட்டாள்.
"மனுவை எழுதினது நான்தானே" என்றாள்.

ஒன்பதைத் தனியே எடுத்து வைத்தாள். நாலு பொரிந்தது.

இழுப்பறைத் துண்டை அன்றைக்கே கொண்டுபோய்
முறுக்கிச் சேர்த்தேன்.
மறுபடி நூற்றைம்பது சுற்று,
மறுபடி இருநூறு வாட்.
கூலி கேட்கவில்லை, அவளும் தரவில்லை.
சுவிட்சைப் போட்டால் சுருள் மங்கலாய்ச் சிவக்கும்,
முறுக்கிய இடம் மட்டும் கொஞ்சம் முந்தி,
கொஞ்சம் அதிகமாய்.
அந்த முடிச்சுக்கும் ஒரு தடை இருக்கிறது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.