பச்சைப் பொட்டு, நீலப் பொட்டு

யெசெனிட்சேயில் பள்ளி திறக்க ஒரு வாரம்.
என் கையில் ஓர் அறுகோணச் சாவி,
எதிரே இருநூற்றுப் பன்னிரண்டு மேசைகள்.
இரும்பாலையில் ஆட்குறைப்பு வந்த ஆண்டு
இந்த வேலை கிடைத்தது.
கொதிகலன், பனி வாரும் பலகை, ஒழுகும் குழாய்
எல்லாம் என் பொறுப்பு என்று தாளில் எழுதியிருந்தது.
மேசையின் உயரம் யார் பொறுப்பு என்று
எந்தத் தாளிலும் இல்லை.
அதனால் எடுத்துக்கொண்டேன்.

நாற்காலிக் காலில் தொழிற்சாலை ஒட்டிய பொட்டு:
மஞ்சள் குட்டிகளுக்கு, அடுத்தது சிவப்பு,
அதற்கு மேல் பச்சை,
நெடியவர்களுக்கு நீலம்.
பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும்.
மடிந்த முழங்காலுக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே
இரண்டு விரல் நுழைய வேண்டும்.
தோள் காதைத் தேடி ஏறாமல்
முழங்கை மேசைமேல் இறங்க வேண்டும்.
சாத்திரம் இவ்வளவுதான்,
கையேட்டின் கடைசிப் பக்கத்தில்,
எண்ணெய்க் கறைக்கு அடியில்.

பிரீனா ஏழாம் வகுப்பு.
ஒரே ஆண்டில் ஒன்பது சென்டிமீட்டர்.
அவள் இடத்தில் நீல நாற்காலி வைத்தேன்.
மறுநாள் அது சுவரோரம் நின்றது,
அவள் பழைய பச்சையில்,
முழங்கால் மேசையடியில் இடித்தபடி,
எழுதும்போது கேள்விக்குறி போல வளைந்து.
மாலையில் மாற்றி வைப்பேன்.
காலையில் மாற்றிக்கொள்வாள்.
அக்டோபர் முழுக்க
எங்களுக்குள் பேச்சே இல்லாத ஒரு சண்டை.

பெருக்கும்போது ஒருநாள் பார்த்தேன்:
நீலப் பொட்டின்மேல் பென்சிலால்
யாரோ எழுதிய ஒரே சொல்,
ஒட்டகச்சிவிங்கி.

என் வகுப்புப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும்
நான் கடைசி வரிசை, மடக்கிய முழங்கால்.
முதுகைச் சுருட்டி மற்றவர் உயரத்துக்கு
என்னை நானே தைத்துக்கொண்டேன்.
ஆலை மருத்துவர் எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து
"எந்த இயந்திரத்தில் வேலை?" என்று கேட்டார்.
இயந்திரம் இல்லை என்று சொல்லவில்லை.
உருட்டாலை என்றேன். எழுதிக்கொண்டார்.

இலையுதிர்கால விடுமுறை ஒரு வாரம்.
தலைமுடி உலர்த்தும் கருவியால் பசையை இளக்கி
கத்தியால் சுரண்டினேன்,
நாற்காலி நாற்காலியாக, எல்லாப் பொட்டையும்.
அளவை இருக்கைக்கு அடியில் எழுதினேன்,
சிறிய எண்ணாக.
மூன்றாம் நாள் விரல் நகம் பெயர்ந்தது.
தலைமையாசிரியை கேட்டார்:
"மிலோய்கா, அந்த நிறமெல்லாம் எங்கே?"
"பழைய பசை. உதிர்ந்துவிட்டது."

நவம்பரில் எல்லாக் கால்களும் சாம்பல்.
பிரீனா உட்கார்ந்தாள்.
காலை நீட்டினாள், மடக்கினாள்,
இடிக்குமென்று ஒரு கணம் காத்திருந்தாள்.
இடிக்கவில்லை.
ஜன்னலைத் துடைப்பதுபோல் நின்றிருந்தேன்.
பிறகு நிஜமாகவே துடைத்தேன்.

பனி விழத் தொடங்கியபின் ஒரு மாலை
கொதிகலன் அறை வாசலில் வந்து நின்றாள்.
முதுகில் பை, ஒரு தோளில் மட்டும்.
(அது வேறு பஞ்சாயத்து.
மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறேன்,
ஆறு கிலோ.)

"ஒரு பெட்டி கிடைக்குமா?
என் தம்பி ஓஷ்பெய்க்கு ஏழு வயது.
அடுக்களை மேசையில்தான் எழுதுகிறான்.
கால் எட்டாது. ஆட்டிக்கொண்டே இருப்பான்,
பிறகு நாற்காலியில் மண்டியிடுவான்,
பிறகு மேசைமேலேயே படுத்துவிடுவான்.
அம்மா சோம்பேறி என்று திட்டுகிறாள்."

குழாய் மூட்டுகள் வந்த மரப்பெட்டி ஒன்று இருந்தது.
ஆணி துருத்தாமல் அடித்துக் கொடுத்தேன்.
உயரம் போதுமா என்று
அவன் கணுக்காலைக் காற்றில் வரைந்து காட்டினாள்.

"என் நாற்காலிக்கு அடியில் ஆறு என்று இருக்கிறது."
"அப்படியா?"
"மற்றவர்கள் பார்த்தால்?"
"பார்க்க அவர்கள் தரையில் படுக்க வேண்டும்."
சிரிக்கவில்லை. யோசித்தாள்.
பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

அந்த வாசல் போதுமான உயரம்தான்,
அளந்திருக்கிறேன்.
இருந்தும் குனிந்துதான் வெளியே போனாள்.

விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது
நானும்.